அத்தைமேல் அடித்த மீன் வாசனை

இப்போதெல்லாம் அத்தையைப் பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டு மேடையேற்றுகிறார்கள். குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் தானே வரைகிறவள் என்று அறிமுகம் செய்துவிட்டு, எப்படி இதற்கு வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே சுவரில் கிறுக்குவேன் என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அது உண்மைதான். ஆனால் ஒரு கோடை முழுக்க, எங்கள் சேலையூர் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அவளைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அத்தை அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருந்தாள். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் தெருமுனைக்குக் கம்பெனி கேப் வரும். குரோம்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அப்பா நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்தார்.

திடீரென்று கேப் வருவது நின்றது. ஷிப்ட் மாறிவிட்டது, இனிமேல் பஸ்தான் என்றாள் அத்தை. அப்பா நம்பினார். அம்மா நம்பவில்லை. அத்தையின் முகம் நாளுக்கு நாள் கறுத்தது. அவள் செருப்பைக் கழற்றினால் வாசலில் மணல் உதிர்ந்தது. எல்லாவற்றையும்விட, வாரத்தின் நடுவில் அவள்மேல் மீன் வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுறவ மேல எப்படிங்க மீன் வாசனை வரும்?" என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "யாரையோ பாக்கப் போறா. எனக்கு அப்படித்தான் தோணுது."

"கேன்டீன்ல போட்டிருப்பாங்க," என்றார் அப்பா. சொன்னாரே தவிர, அன்றிலிருந்து அத்தையின் போன் அடித்தால் அவர் பேப்பரைப் புரட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இருந்தது வேறு சந்தேகம். அத்தை என்னை உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். சாப்பிடும்போது, ஷூ மாட்டும்போது, தூங்கி எழுந்து உட்காரும்போது, எப்போதும். "அப்படியே இரு, அசையாத," என்பாள். ஒருநாள், "உனக்கு ரொம்பப் பயம் வந்தா கைய எங்க வெச்சுப்ப?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சின்னப் பொண்ண இனிமே வீட்ல வெச்சிருக்க முடியாதுங்க. படகுல ஏத்தி, தனியா கடலுக்கு அனுப்பிடலாம். அம்மா அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா போக விட மாட்டாங்க."

எங்கள் வீட்டில் சின்னப் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். துணியை எடுக்காமலேயே இறங்கி வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் அத்தைக்குத் தெரிந்துபோய், அனுப்புகிற நாளை முன்னால் கொண்டுவந்துவிடுவாள் என்று தோன்றியது.

அந்த வாரமே அத்தை கேட்டாள். "சனிக்கிழமை எனக்கு லீவு. என்கூடக் கடலுக்கு வரியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைக் கவனிக்கவே இல்லை. "கூட்டிட்டுப் போயேன்," என்று இனிமையாகச் சொல்லிவிட்டு, என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "யாரப் பாக்குறா, என்ன பேசுறா, எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லணும். சரியா?"

நான் திரும்பி வருவேன் என்று அவளுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கோவளம். அத்தை வழியெல்லாம் எனக்குக் கடலை மிட்டாய் கொடுத்தாள். பலியாட்டுக்குத் தழை கொடுப்பதைப் போல எனக்குப் பட்டது. மிட்டாயை மட்டும் தின்றேன்.

கரையில் படகுகள் மணலில் இழுத்து விடப்பட்டிருந்தன. அலுமினிய அன்னக்கூடையில் மீனை வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா அத்தையைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"இன்னா தங்கச்சி, இன்னிக்கு ஆளோட வந்துகினு கீற?"

"சொன்னேன்ல அக்கா, இவதான் அந்தப் பொண்ணு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மாம் தூரம் தனியா போவுற புள்ள இதுதானா? ரொம்பச் சின்னதா கீதே."

ஆக, இவளுக்கும் தெரிந்திருக்கிறது. அத்தை ஒரு படகைக் காட்டி, "ஏறி உக்காரு, கண்ணு," என்றாள். நான் மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அலறினேன். "கடலுக்கு அனுப்பிடாதீங்க அத்தை, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!"

மீன்கார அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தாள். விஷயத்தைப் பிடுங்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். பிறகு என் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து, பையிலிருந்து பெரிய பெரிய தாள்களை எடுத்துக் காட்டினாள். எல்லாம் படங்கள். கறுப்பாக, குட்டையாக ஒரு பெண் படகைத் தள்ளுகிறாள், துடுப்புப் போடுகிறாள், சுறாவோடு பேசுகிறாள். மூக்கு என்னுடையது.

"இது கதை கண்ணு. புக்கா வரப் போகுது. மாடியில போன்ல பேசினது புக்கு போடுறவங்ககிட்டதான். வேலைய விட்டு ரெண்டு மாசமாச்சு. தினம் இங்கதான் வரேன்."

"ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

அத்தை கடலைப் பார்த்தாள். "முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். முடியாமப் போயிட்டா சிரிப்பாங்கல்ல?"

வீட்டுக்குப் போனதும் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். நான் வாயைத் திறக்குமுன், "அவள ஏன் கேக்குறீங்க அண்ணி, நானே சொல்றேன்," என்று அத்தை கூடத்திலிருந்து சொன்னாள். சொல்லி முடித்தபோது அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. அதற்கு ஒரு காதலனே இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு என்னன்னு சொல்றது?"

"படம் வரையறேன்னு சொல்லுங்க அண்ணா."

"அதெல்லாம் ஒரு வேலையா?"

அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் குரோம்பேட்டையிலிருந்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று போன் வந்தது. அம்மா அழுதாள். அப்பா மண்டபத்துக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போனார்.

அந்தப் புத்தகம் மறுவருடம் வந்தது. அதற்கப்புறம் நிறைய வந்தன. ஆனால் எனக்கு மறக்காதது போன் வந்ததற்கு மறுநாள்தான். அத்தை கூடத்தின் நடுவில் தாள்களைப் பரப்பி, வாசல் கதவை அகலமாகத் திறந்துபோட்டு, தரையெல்லாம் பெயிண்ட் சிந்த வரைந்துகொண்டிருந்தாள். பால்காரர் எட்டிப் பார்த்தார், பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். அத்தை நிமிரவில்லை. மெதுவாக ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோனவள் பாடுவாளா? இன்னும் எதையோ திட்டம் போடுகிறாள் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் நின்று நெடுநேரம் அவளை வேவு பார்த்தேன். மறைக்க ஒன்றுமில்லாத ஒரு ஆள் எப்படி இருப்பார் என்பதை அதுவரை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.