தராசு அசையாத மூன்று மாதம்

கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் கடை திறக்கு முன்பே எங்களை உள்ளே விட்டுவிடுவார். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆடியில் இருநூற்று முப்பத்தொன்பது இறாத்தல். ஆவணியிலும் அதுதான். புரட்டாசியில் முகாமையாளர் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "தராசிலை பிழையில்லை அக்கா" என்றார். பிழை யாரில் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய வருடம், பள்ளிக்கூட மாஸ்ரரான என் கணவர் முந்நூறு இறாத்தலுக்கு மேல். கட்டிலில் படுத்தால் மூச்சு வராது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை. இங்கிலாந்தில் டாக்குத்தராக இருந்த அவருடைய தமையன் அங்கே கூப்பிட்டு, இரைப்பையை மறித்துத் தைக்கும் ஒரு சத்திரசிகிச்சை செய்வித்து அனுப்பினார். அப்படி ஒன்று உலகத்தில் உண்டென்றே எங்கள் ஊர் இணுவிலில் ஒருவருக்கும் தெரியாது. "மாஸ்ரருக்குக் குடலிலை ஏதோ வருத்தமாம்" என்று ஊர் கதைத்தது. முதல் ஆறு மாதம் உடம்பு மளமளவென்று இறங்கியது. இரண்டு தரம் சேட்டுகளைப் பிரித்துச் சின்னதாக்கித் தைத்தேன். பிறகு ஒருநாள் பசி திரும்பி வந்தது. இறக்கம் நின்றது.

இன்னும் ஐம்பது இறாத்தலாவது குறையாவிட்டால் இருதயம் தாங்காது என்று தமையன் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வாசித்த நாள் தொடக்கம் நான் மனைவியாக இருப்பதை விட்டுவிட்டுக் காவற்காரியாகிவிட்டேன். நேரத்துக்கு மூன்று அகப்பைச் சோறு, மசித்த கீரை, ஒரு துண்டு மீன். அடுக்களைக்குப் பூட்டு. திறப்பு என் சேலைத் தலைப்பில். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் சேட்டுப் பையைத் தடவிப் பார்ப்பேன். வடை வாசம் அடிக்கிறதோ என்று பக்கத்தில் போய் முகர்ந்தும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த தேநீர்க் கடைக்காரரிடம், மாஸ்ரருக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டும் வந்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மனுசனுக்கு அது எவ்வளவு தலைகுனிவு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் சோற்றுக் கோப்பையை விரலால் வழித்து வழித்துச் சாப்பிடுவார். ஒருநாள் வெறுங்கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "அவங்கள் வயித்தைத்தான் சின்னனாக்கினவங்கள். பசியை அப்பிடியே விட்டிட்டாங்கள்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தராசு அசையவில்லையே. பசி வந்தால் பத்தும் பறக்கும். களவாகத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்தைக் கொளுத்தி, "களவாய் ஒண்டும் தின்னேல்லை எண்டு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ" என்றேன். சுற்றி நின்ற சனம் பார்த்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்து, "களவாய் ஒண்டும் தின்னேல்லை" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புரட்டாசி நிறுவை. அதே இருநூற்று முப்பத்தொன்பது. முருகனுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்த மனுசனோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது? பத்து நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

பதினோராம் நாள் தமையனின் கடிதம் வந்தது. தம்பி ஒரு நாளில் சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். தைத்த வயிற்றில் சோறு தங்கும், இனிப்புத் தண்ணீர் தங்காமல் வழுக்கிப் போய்விடும், வயிறும் நிறையாது, உடம்பும் குறையாது என்று கீழே ஒரு வரி. என் காவலின் சிறப்பைக் காட்டும் வீறாப்போடு எழுதத் தொடங்கினேன். காலை, மத்தியானம், இரவு. அரைப் பக்கம்கூட வரவில்லை. 'குடிப்பது' என்ற சொல் அப்போதுதான் கண்ணில் குத்தியது.

தேத்தண்ணியைச் சாப்பாடு என்று எங்களில் யார் நினைத்தது? விடிய எழும்பினால் தேத்தண்ணி, குளித்தால் தேத்தண்ணி, பள்ளிக்கூடத்தால் வந்தால், யாரும் வீட்டுக்கு வந்தால், விளக்கு வைத்தால். ஒவ்வொன்றோடும் சீனிக்குப் பதிலாகக் கடித்துக் குடிக்க உள்ளங்கையில் ஒரு பனங்கட்டி. சோற்றைக் குறைத்துவிட்டேனே என்ற இரக்கத்தில் கட்டியை வரவரப் பெரிதாக உடைத்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

விறாந்தையில் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தவரிடம் கடிதத்தை நீட்டினேன். வாசித்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒரு சந்தேகம் இருந்தது."

"அப்ப ஏன் சொல்லேல்லை? கற்பூரம் அணைச்சனீங்களே!"

"களவாய்த் தின்னேல்லை எண்டுதான் அணைச்சனான். உது நீர் தந்தது."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "செத்துப் போவியள் எண்டு நான் பயந்து சாகிறன். நீங்கள் எனக்கு நியாயம் கதைக்கிறியள்!" என்று கத்தினேன். அவர் கொப்பியை மூடி வைத்தார்.

"சோறு போடேக்கை நீர் என்னைக் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீர். தேத்தண்ணி தரேக்கை மட்டும்தான் முந்தின மாதிரிப் பாத்தனீர். கதைக்காமல் இருந்த பத்து நாளும் அதைக் கொண்டு வந்து தந்தனீர்தானே. சொன்னால் அதுவும் நிண்டு போகும் எண்டு பயந்தன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் அவர் முன்னால் அழ மனம் இடங்கொடுக்கவில்லை. அடுக்களைக்குள் போய்ப் பனங்கட்டி இருந்த ஓலைக் குட்டானை எடுத்துக்கொண்டு போய் அயல்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அவரை எப்படிப் பார்ப்பதென்று தெரியாமல் சோற்றையே பார்த்துக்கொண்டு போட்டேன். இரண்டாவது அகப்பையிலேயே அவர் கையைக் குறுக்கே வைத்து, "காணும், இனிப் போடாதையும்" என்றார். அது வயிறு நிறைந்து சொன்ன சொல் அல்ல என்று எனக்குத் தெரியும்.