சிவப்பைத் தள்ளும் கரி

சாயக் கழிவுநீரைத் தெளிய வைக்க, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தங்கை கடலைத்தோட்டைக் கரியாக்கினாள். அமிலத்தில் ஊறவைத்து, வீட்டு வாளிகளையெல்லாம் கறுப்பாக்கிக் கழுவினாள். வெறும் கரியில் நிற்காத நீலச் சாயம் அந்தக் கரியில் அப்படியே ஒட்டிக்கொண்டது. கூட வேலை பார்த்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன் அதைத் தன் கண்டுபிடிப்பென்று சொல்லி, சாயப்பட்டறை முதலாளிகள் முன்னால் செய்துகாட்டினான்.

நீலத் தண்ணீர் தெளிந்ததும் கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் அண்ணனோடு உட்கார்ந்திருந்த தங்கை எழுந்தாள்.

"சார், அப்படியே சிவப்புலயும் காட்டுங்களேன்!"

"அதுக்கென்ன, பார்த்துடுவோம்!"

சிவப்புச் சாயத் தண்ணீரில் கரியைப் போட்டுக் கலக்கினான், மறுபடியும் கலக்கினான். தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.

"அமிலம் பட்ட கரி நீலத்த இழுக்கும், இந்தச் சிவப்பத் தள்ளிவிடும். கண்டுபிடிச்சவருக்குத் தெரியாதா?" என்றாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"போதும்டி, பாவம்," என்று அண்ணன் காதைக் கடித்தான்.

"பாவமா? என் உழைப்ப முழுங்கி ஏப்பம் விட்டவன்ணே அவன்!"

சிவப்பைப் பிடிக்கும் கரியும் அவள் பையில் இருந்தது, இரும்பு உப்பில் ஊறவைத்தது. அவன் தலைகுனிந்து மேடையை விட்டு இறங்கும்வரை அவள் பையைத் திறக்கவில்லை.