வேர்வை அடங்கட்டும்

என் மனைவி மேரிக்கு வந்த நோயின் முதல் அறிகுறி, வேர்வை நின்றுபோனது. அதைப் பார்த்து நிம்மதியடைந்த மடையன் நான்.

பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் தக்காளிக் காடு. மாசிதான், ஆனால் வெயில் சித்திரையை முந்திக்கொண்டு வந்திருந்தது. காலையிலிருந்து பழம் பறித்தவள், பதினோரு மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். வேர்க்க விறுவிறுக்கத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

"வேர்வை அடங்கட்டும் மேரி, அப்பறம் குடி."

சொம்பைக் கீழே வைத்தாள். அன்று நிழலிலும் அனல். வேர்வை அடங்கவில்லை.

"ரெண்டு சாலுதான் பாக்கி. பறிச்சிட்டு வந்து குடிக்கறேங்க" என்று எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது முகம் சிவந்து, காய்ந்திருந்தது. "பாத்தியா, அடங்கிடுச்சி" என்று சொம்பை நீட்டினேன்.

"நீங்க யாருங்க?" என்றாள். அப்படியே சரிந்தாள்.

தருமபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஹீட் ஸ்ட்ரோக் (உடலின் சூடு கட்டுமீறி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவது) என்றார்கள். உடம்பெங்கும் பனிக்கட்டி வைத்தார்கள்.

"முன்னெல்லாம் அக்னி நட்சத்திரத்துல வர்ற கேஸு, இப்ப மாசியிலயே வருதுங்க" என்றார் டாக்டரம்மா. "வேர்வை நின்னா ஒடம்பு கைய விரிச்சிடுச்சின்னு அர்த்தம். தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தேங்க" என்று பொய் சொன்னேன்.

ஐந்து முறை டயாலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது) நடந்தது. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லாமலே வெளியே உட்கார்ந்திருந்தேன். மேரி பிழைத்தாள். கை நடுக்கம் மட்டும் போகவில்லை. அந்த நாளே அவள் நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்த வாரம், தண்ணீரைத் தடுத்ததை நானே சொன்னேன், சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "எனக்கும் அப்படித்தாங்க சொல்லி வளத்தாங்க. நீங்க வேர்த்து வந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

வெயிலில் ஆள் அனுப்பும் வீட்டாருக்குச் சொல்கிறேன்: வேர்வை அடங்கக் காத்திருக்காதீர்கள். அந்தச் சொல் பழைய வெயிலுக்குச் சொன்னது.

இப்போது காலை ஒன்பது மணியோடு எங்கள் பகல் முடிந்துவிடுகிறது. பிறகு வீட்டுக்குள்தான். அரை மணிக்கொரு தரம் அவள் பிடரியில் கை வைத்துப் பார்க்கிறேன்.

நேற்றும் வைத்தேன். என் கையை எடுக்க விடாமல் நடுங்கும் விரல்களால் பிடித்துக்கொண்டாள்.

"வேர்க்குதுங்க" என்றாள். "இன்னும் வேர்க்குது."