துரையின் இடத்தில் உட்கார்ந்த தழை மூட்டை

சின்னத் துரையின் பங்களா விறாந்தையில் கைக்குழந்தையோடு நின்று நான் கத்தியது சரியா, தப்பா? நாலு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைத்தபாடில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம் எங்களுடையது. என் கணவர் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், மிஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். அது நடந்தபோது எங்கள் மகளுக்கு எட்டு மாதம். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள்தான் நான். ஆனாலும் பிள்ளை இரண்டு தடவை தும்மினால் மூன்றாவது தும்மலுக்கு டிஸ்பென்சரி வாசலில் நிற்பேன். அப்படிப்பட்ட பயந்த சுபாவம்.

சின்னத் துரை, அதாவது தோட்டத்தின் உதவி மேனேஜர், கொழும்பிலிருந்து வந்த இளவயதுக்காரர். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் ஓட வேண்டும் என்று ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து என் கணவரிடம் விட்டார். எஞ்சினில் குறை இல்லை. வண்டியின் உயரத்தையும் ஸ்பிரிங்குகளையும் பந்தயப் பாதைக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் பள்ளத்தில் சக்கரம் துள்ளும். தளர்வாக இருந்தால் வண்டி தணிந்து உட்கார்ந்து, வளைவில் சாயும்போது சைலன்சர் குழாய் தரையில் உரசும். ஓட்டுகிற ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும், அதற்குமேல் கூடாது என்பது என் கணவரின் கணக்கு. அதற்கு அந்த ஆள் வந்து உட்கார வேண்டும் அல்லவா?

என் கணவர் மூன்று தடவை போய்க் கேட்டார். மூன்றாவது தடவை துரையே ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். பிள்ளையோடு நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தொரை, ஒரு பத்து நிமிசம் ஒக்காந்தீங்கன்னா போதும். அளந்துக்குவேன்."

"எனக்கு அதுக்கெல்லாம் டைம் இல்ல. நான் நூத்தியறுபது ராத்தல். அத வெச்சுப் பாரு."

"அப்ப அந்த நெறையில வேற ஆள ஏத்தி..."

"என் மோட்டார் சைக்கிள்ல எவனும் ஏறக் கூடாது. வெளங்குச்சா?"

இவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க முழங்காலில் நின்று அந்த வண்டியைத் துடைக்கிற மனிதர் அதில் ஏறக் கூடாதாம்!

"மணல் மூட்டை கட்டலாம் புள்ள" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். மணல் ஒழுகி டேங்கின் பெயிண்டைக் கீறிவிட்டால் அதற்கு வேறு யார் பேச்சுக் கேட்பது? கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்ட தேயிலைத் தழை சும்மாதானே கிடக்கிறது, அதைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் மெத்தென்று இருக்கும் என்று யோசனை சொன்னேன். யோசனை என்னுடையது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் நாலு மூட்டை நிறுத்தோம், மூட்டைக்கு நாற்பது ராத்தல். கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னா தங்கச்சி, ஒங்க வீட்டு மாடு நிறுத்துப் போட்டாத்தான் திங்குமோ?"

"மாட்டுக்கு இல்லீங்கண்ணே, தொரைக்கு" என்றார் இவர். அவர் இன்னும் சிரித்தார்.

சீட்டின் மேல் நாலு மூட்டையையும் வைத்துக் கட்டினோம். இவர் அளந்து சொல்ல, நான் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொப்பியில் எழுதினேன். முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்தைத் தொடுவதற்குள் ஸ்டோரில் ரோலரின் பெல்ட் அறுந்துவிட்டதென்று ஆள் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் முழுக்க அந்த வேலை. பிள்ளைக்கு வேறு காய்ச்சல். மூட்டைகள் வண்டியிலேயே, வண்டி நின்ற கொட்டகையின் வெயில் பக்கமாக இருந்தன. வியாழக்கிழமை மத்தியானம் வந்து பின்பக்கத்தை அளந்தார். ஸ்பிரிங்கின் அடியில் படிபோல மூன்று வெட்டு உண்டு, திருகத் திருக இறுகும். "மொத வெட்டுலயே சரியா ஒன்றரை அங்குலம் எறங்குது. இறுக்கவே தேவல" என்று சந்தோஷப்பட்டார். நான் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். ஸ்டோரிலிருந்து பங்களா வரை நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "குட்" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை பந்தயம். சாயங்காலம் லொறி டிரைவர் செய்தி கொண்டுவந்தார். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் குழாய் தரையில் தட்டி வண்டி தூக்கியடித்துவிட்டது. துரைக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் இவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்.

"வேலை இல்லையாம். மாசக் கடைசில வீட்ட வுட்டுடணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது?"

வேலை போனால் வீடும் போகும். எட்டு மாதப் பிள்ளையோடு எங்கே போவது? கொப்பியை எடுத்தேன், பிள்ளையைத் தூக்கினேன், பங்களாவுக்கு ஏறினேன். இவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

விறாந்தையில் சின்னத் துரை கையைத் தூளிபோல் கட்டித் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கத் தோட்ட மேனேஜர் பெரிய துரையும் வந்திருந்தார்.

"ஒன் புருசன் என்னைக் கொல்லப் பாத்தான். இங்க என்ன வேலை?" என்றார் சின்னவர்.

"மூணு தடவ வந்து கெஞ்சுனாங்களே, பத்து நிமிசம் வந்து ஒக்காந்தீங்களா? வேற ஆளயும் ஏறக் கூடாதுன்னீங்க. எங்காளு அளந்ததெல்லாம் இந்தா, எழுதி வெச்சிருக்கேன், பாருங்க!"

கொப்பியைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். "செவ்வாக்கெழம, நூத்தியறுபது ராத்தல், முன்பக்கம்..." அடுத்த வரி என் கண்ணில் பட்டது. 'வியாழன், பின்பக்கம், அதே தழை மூட்டை.' நானே எழுதியது, என் கையெழுத்து.

தழை! இரண்டு நாள் வெயிலிலும் காற்றிலும் இருந்த தழை!

கொப்பியை மூடினேன். பெரிய துரை இருபது வருடமாகத் தேயிலையோடு இருக்கிறவர். அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். மூடிவிட்டு முன்னைவிடச் சத்தமாகக் கத்தினேன். "மூட்டை ஒக்காரலாம், மனுசன் ஒக்காரக் கூடாதா? ஒங்க உசுருக்கு ஒங்களுக்கே பத்து நிமிசம் இல்லாட்டி, எங்காளு எதுக்குங்க பழி சொமக்கணும்?" பிள்ளை வீரிட்டு அழுதது. பெரிய துரை சின்னவரிடம் இங்கிலீஷில், அவன் உன்னைக் கூப்பிட்டது உண்மையா என்று கேட்டார். சின்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், உன் புருசனை நாளைக்கு வேலைக்கு வரச் சொல் என்று பெரியவர் என்னிடம் சொன்னார். வேலை நிலைத்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னை ஏசினார். பிறகு மெதுவாக, "நான்தான் எங்கயோ கை தப்பிட்டேன் புள்ள. எங்கன்னுதான் தெரியல" என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வாரமே ஒரு சாக்கில் நாற்பது ராத்தல் தழையை நிறுத்துக் கட்டி, இரண்டு நாள் வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று. நாலு மூட்டைக்கு நூற்றி இருபத்துநாலுதான்; அந்த நிறைக்கு இறுக்காமல் விட்ட ஸ்பிரிங், நூற்றியறுபது ராத்தல் துரை ஏறியதும் இன்னும் தணிந்திருக்கிறது. இவர் வேலை செய்கிற ஸ்டோரின் மாடியில் அன்றாடம் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிறார்கள். வாட்டினால் நிறை குறையும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பத்து வருடம் ஸ்டோரில் வேலை செய்தவருக்கும், படித்தவள் என்று பேரெடுத்த எனக்கும் அன்று அது தோன்றவில்லை. எனக்கு நினைப்பெல்லாம் டேங்கின் பெயிண்டில் கீறல் விழக் கூடாது என்பதில்தான் இருந்தது.

இப்போது சின்னத் துரைக்கு வலது கை தோளுக்குமேல் எழும்பாது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் இடது கையை நீட்டி ஆட்களை வேலைக்கு அனுப்புகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அடுத்த நிமிடமே, பத்து நிமிடம் கொடுக்காத மனிதர்தானே என்று கோபம் பொங்குகிறது. என் கணவரோ ஒரு நட்டை முடுக்கிவிட்டு மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறார். ரோலரில் சின்னச் சத்தம் கேட்டாலும் தன் கையைத்தான் பார்க்கிறார். முன்பெல்லாம் அவர் அப்படி இல்லை.

தப்பு உங்கள் கையில் இல்லை, தழையில் என்று சொன்னால் அவருக்கு அந்தப் பாரம் இறங்கும். ஆனால் அவர் பொய் தெரியாத மனிதர். கேட்ட அடுத்த நிமிடம் பங்களாவுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவார். அப்புறம் எங்கள் வீடு? இப்போது பிள்ளைகள் இரண்டு.

துரைமேல் எனக்கு இருக்கும் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று நான் கத்தியதில் பாதி, கொப்பியிலிருந்த அந்த ஒரு வரியை மறைப்பதற்காகத்தான். வாசகர்களே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் அவரிடம் சொல்வீர்களா? உங்கள் வீட்டில் யோசித்து ஒரு வழி சொல்லுங்கள். கொப்பி இன்னும் என் பெட்டியின் அடியில்தான் இருக்கிறது.