பெல்ட் துண்டில் விழுந்த எழுத்து

சித்தப்பா அந்த மிஷினைக் கோணியில் சுற்றி மெட்ராஸ் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ரிக்‌ஷாவில் வந்தார். மிஷின் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. சித்தப்பா அதன் காலடியில் குந்தியிருந்தார்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் வேலை போன பிறகு வாசல் அறையில் தோல் சாமான் செய்ய ஆரம்பித்திருந்தார். பர்ஸ், பெல்ட், மூக்குக்கண்ணாடிக் கூடு. அப்பா வெட்டுவார், அம்மா தைப்பாள், கடை கடையாக எடுத்துக்கொண்டு போவது சித்தப்பா. இது ஓடாவிட்டால் அப்பா பெரியப்பாவின் செங்கல் சூளைக்கு மேஸ்திரியாகப் போகவேண்டும் என்று பேச்சு இருந்தது. அப்பாவுக்குச் சூளைப் புகை ஒத்துக்கொள்ளாது. பெரியப்பாவும்தான்.

இந்த நிலையில் ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தங்கை மகளின் கல்யாணத்துக்குப் பிரான்சுக்குப் போகிறாராம். மனைவிக்கும் அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க இருபத்துநாலு பர்ஸ் வேண்டும். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரின் முதலெழுத்துகள் பதிந்திருக்க வேண்டும்.

"எழுத்து இல்லன்னா அது வெறும் பை. எழுத்து இருந்தாதான் காதோ," என்றார். காதோ என்றால் அன்பளிப்பு என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எல்லோரும் தலையாட்டினோம்.

"செஞ்சிடலாம் முசியே," என்றார் அப்பா.

அவர் தலை மறைந்ததும் அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். "எதால செய்யப்போறீங்க?"

அதற்குப் பதிலாகத்தான் நான்காம் நாள் சித்தப்பாவும் கோணியும் வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமைக்குள் திருப்பிவிட வேண்டும் என்று மெட்ராஸ் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். இரும்புத் தாங்கி, நீளமாக ஒரு கைப்பிடி, கரண்டில் சூடாகும் ஒரு தகடு. தகட்டின் அடியில் பித்தளை எழுத்துகளைக் கோத்து, தோலை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் எழுத்து பதியும். எழுத்துகள் தனியாக ஒரு மரப்பெட்டியில் இருந்தன.

அப்பா முதலில் செய்தது, ஸ்விட்சைப் போட்டுவிட்டு மிஷினின் மேல் காதை வைத்தது.

"என்னாடா, சத்தமே போடல?"

"இது தறி இல்லண்ணா. சத்தம் போடாது."

சத்தம் போடாத மிஷினை நம்ப அப்பாவால் முடியவில்லை. எண்ணெய் வறண்டிருக்கும் என்று முடிவுசெய்து, மூட்டு தெரிந்த இடத்தில் எல்லாம் எண்ணெய் விட்டார். ஆகவே எங்கள் வீட்டில் பதிந்த முதல் எழுத்து ஒரு எண்ணெய்க் கறையின் நடுவில் இருந்தது.

இரண்டாவது முயற்சியில் தோல் கருகியது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஆட்டுத்தலை வாட்டுறீங்களா?" என்று கேட்டாள். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

மூன்றாவது தடவை அச்சு அப்படியே விழுந்தது. அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து அலமாரியில் வைத்தார். காலையில் எடுத்துப் பார்த்தால் எழுத்து இல்லை. இருந்த இடம் லேசாகப் பளபளத்தது, அவ்வளவுதான். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீ தேச்சியா?"

இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சித்தப்பா, சூடு போதவில்லை என்றார். சூட்டை ஏற்றினால் கருகியது, குறைத்தால் எழுத்து தங்கவில்லை. எங்கள் தெருவில் கரண்டும் ஒரு நிதானத்தில் வராது. அதனால் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கூரையில் தொங்கிய பல்பைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். "மங்குது" என்று நான் சொன்னால் அப்பா கைப்பிடியை அழுத்திப் பிடிப்பார். "ஏறுது" என்றால் சட்டென்று விடுவார். சனிக்கிழமை முழுதும் பல்பைப் பார்த்ததில், ஞாயிறு காலை வரை எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது.

கெட்டுப்போன துண்டுகளை அம்மா தூக்கிப்போடாமல் சேர்த்து வைத்திருந்தாள். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு பெல்ட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டையும் தடவினாள். பர்ஸ் தோல் மெத்தென்று பளபளப்பாக இருக்கும், மடக்கினால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். பெல்ட் தோல் ஆவாரம்பட்டையில் பதனிட்டது. நகத்தால் கீறினால் கீறல் நிற்கும்.

"எனக்கென்னவோ தோல்லதான் கோளாறுன்னு தோணுது," என்றாள்.

"மெட்ராஸ்ல இதே தோல்லதான் போட்டுக் காட்டுனான் அண்ணி," என்றார் சித்தப்பா.

"மறுநாள் காட்டுனானா?"

சித்தப்பா டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பர்ஸுக்குப் பொத்தான் வாங்க என்னை அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். உடைந்த நாற்காலிகளுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தட்டுகளுக்கும் நடுவில் கனமான ஒரு இரும்புச் சாமான் கிடந்தது. அடியில் ஒரு பலகை, மேலே ஒரு பலகை, உச்சியில் சக்கரம் மாதிரி ஒரு பிடி. பிடியைத் திருகினால் மேல் பலகை இறங்கும். அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"முறுக்கு பிழியலாம் தாயி, அப்பளம் அழுத்தலாம்," என்றான் கடைக்காரன்.

"இது பத்திரம் எழுதுற நொத்தேர் ஆபீஸ் சாமான். பத்திரத்துக்கு நகல் எடுக்குறது. ஈரத்துணி வெச்சி அழுத்துவாங்க. எங்க அப்பா அங்கதான் வேலையில இருந்தாரு," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் சுற்றியவள் மாதிரி இருந்தது.

பிறகு மெட்ராஸ் கடைக்காரரின் நிபந்தனையை அப்படியே இவனிடம் வைத்தாள். எடுத்துப்போகிறேன், பிடிக்காவிட்டால் அடுத்த ஞாயிறு திருப்பிக் கொண்டுவருகிறேன்.

"எடுத்துனு போம்மா. இத தூக்கிக்கினு யாரால ஓட முடியும்?" என்றான்.

வீட்டில் சித்தப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "அண்ணி, இதுக்கு கரண்ட எங்க சொருவுறது?"

"கையில," என்றாள் அம்மா.

அன்று மதியமே சொல்தா வந்துவிட்டார். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். பெயரெழுத்துப் பட்டியலும் கையில் இருந்தது. அப்பா அதை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். சொல்தாவின் குடும்பப் பெயருக்கு ஒரு எழுத்து, அவர் மனைவிக்கு வேறு எழுத்து.

"முசியே, உங்க வீட்டம்மா எழுத்து மாறியிருக்கு போல."

"மாறல. அது அவங்க அப்பா வீட்டு எழுத்து. பிரெஞ்சு காகிதத்துல பொண்ணுக்குப் பொறந்த வீட்டுப் பேருதான். கல்யாணம் ஆனாலும் அத எடுக்க மாட்டான்."

அம்மா தையலிலிருந்து தலை தூக்கினாள். "கடைசி வரைக்குமா?"

"காகிதத்துல, கடைசி வரைக்கும்," என்றார் சொல்தா. "சரி, ஒண்ணு போட்டுக் காட்டுங்க. இங்க ஆவலன்னா வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒருத்தர் இருக்காராம்."

அப்பா மெட்ராஸ் மிஷினைப் போட்டார். நான் பல்பைப் பார்த்தேன். "மங்குது" என்றேன். அப்பா அழுத்திப் பிடித்தார். "ஏறுது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டுத்தலை வாசனை வந்துவிட்டது. சொல்தா கைக்குட்டையை எடுத்தார். அப்பா கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார். சூளைப் புகை இப்போதே அவர் கண்ணில் பட்டது போல இருந்தது.

அம்மா எழுந்தாள். பெல்ட் துண்டு ஒன்றை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். மரப்பெட்டியைத் திறந்து எழுத்துகளைப் பொறுக்கி, அடுப்பிலிருந்த தோசைக்கல்லின் ஓரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினாள். தோலின் மேல் அவற்றைக் கவிழ்த்து வரிசைப்படுத்தி, நொத்தேர் ஆபீஸ் சாமானின் பலகைகளுக்கு நடுவில் தள்ளிச் சக்கரத்தைத் திருகினாள். முப்பது வரை எண்ணினாள். அந்த முப்பதுக்குள் பல்ப் இரண்டு தடவை மங்கியது. அதை நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சக்கரத்தைத் தளர்த்தி எடுத்தபோது எழுத்து அரிசி முனை அளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தது. ஓரங்கள் கூர்மையாக இருந்தன. முதலில் படித்தது நான்தான். அம்மாவின் பெயருக்கு உரிய எஸ் சரியாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், அப்பாவின் பெயரெழுத்தான ஆர் இருக்க வேண்டிய இடத்தில், வி இருந்தது.

"அம்மா, தப்பு! நமக்கு ஆர்!" என்று கத்தினேன்.

எங்கள் ரேஷன் கார்டில் ஆர். என் நோட்டுகள் எல்லாவற்றிலும் ஆர். சொல்தாவின் முன்னால், இவ்வளவு முக்கியமான நேரத்தில், அம்மா தன் இனிஷியலையே மாற்றிப் போட்டுவிட்டாளே என்று எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"ஆமா, கை மாறிப்போச்சி," என்றாள் அம்மா. ஈரத்துணியை உதறி மடித்தாள்.

சித்தப்பா சிரித்தார். சொல்தா சிரிக்கவில்லை, கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். அப்பா துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். இரண்டு எழுத்துகளையும் கட்டைவிரலால் தடவினார். முதல் எழுத்தை இன்னொரு முறை தடவினார்.

"நல்லா விழுந்திருக்கு," என்றார்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் நான் போய்ப் பார்த்தேன். எழுத்து அப்படியே இருந்தது. அன்றே சித்தப்பா கோணியோடு மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கிளம்பினார். இந்தத் தடவை ரிக்‌ஷா இருக்கையில் அவர் உட்கார்ந்துகொண்டார், மிஷின் காலடியில் கிடந்தது. பித்தளை எழுத்துகளை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டோம். இருபத்துநாலு பர்ஸும் ஆவாரம்பட்டைத் தோலில் வெட்டி, அம்மா அழுத்தி, குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்பே தயாராகிவிட்டன. சொல்தா தடவிப் பார்த்துவிட்டு, இந்தத் தோல்தான் உழைக்கும் என்றார். செங்கல் சூளைப் பேச்சு அதன் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

கருகிய துண்டுகளை எல்லாம் அம்மா ஒரே நாளில் கூட்டித் தள்ளினாள். அந்த ஒன்றில் மட்டும் ஓட்டை போட்டு வளையம் மாட்டிச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். அவள் நடக்கும்போதெல்லாம் அது இடுப்பில் ஆடும். சாமான் வாங்க வருகிறவர்கள் கண்ணில் படும். எழுத்துப் போடுகிற வீட்டிலேயே தப்பான எழுத்து தொங்குவது எனக்கு மானக்கேடாக இருந்தது. இன்னொன்று போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். அவள் ஆகட்டும் என்பாள், போட மாட்டாள்.

கடைசியில் அப்பாவிடம் முறையிட்டேன். அவர் பெல்ட் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அதுல எழுத்து தப்புப்பா."

"எவ்ளோ ஆழமா விழுந்திருக்கு பாத்தியா?" என்று கேட்டார், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவின் பழைய பள்ளிச் சான்றிதழில், தாத்தாவின் பெயரெழுத்தாக அதே வி-யைப் பார்க்கும்வரை, அப்பாவுக்கு ஆழத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, எழுத்தை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை என்று நான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.