கிளிமூக்கு இரும்பு

பழைய கைக்கருவிகளைச் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தேன். மற்ற வாத்தியார்கள் துணிக்கடைக்குப் போனால் நான் பழைய இரும்புக்கடைக்குப் போவேன். இழைப்புளி, வாய்ச்சி, அரம், சுத்தியல் என்று சேர்ந்து கட்டிலுக்கு அடியிலும் இடம் இல்லாமல் போயிற்று. என் மனைவி தினமும் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். ஒருமுறை அதற்கு அடியில் உளி இருந்திருக்கிறது.

யுத்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டிப் பக்கம் சந்தையில் ஒரு இரும்புச் சாமான் கண்ணில் பட்டது. முழங்கை நீளம். ஒரு முனை கிளிமூக்கு மாதிரி வளைந்திருந்தது. மறுமுனையில் ஒரு துளை, துளைக்குள் சுற்றிலும் பல். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. விற்றவனும் உதட்டைப் பிதுக்கினான்.

“இரும்புண்ணே. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

சந்தோஷம் தாங்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

சுதந்திரப் போராட்டக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள், தந்திக் கம்பியை அறுக்கிறார்கள் என்று எங்கும் ஒரே பரபரப்பாக இருந்த நேரம் அது. வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்ட ஏட்டு என் பையைத் திறந்தார்.

“என்னய்யா இது?”

“தெரியாதுங்க.”

“தெரியாம எதுக்கு வாங்குன?”

“தெரியாததாலதாங்க வாங்குனேன்.”

உண்மையைச் சொன்னதற்காக என்னைக் கீழே இறக்கி ஸ்டேஷனுக்கு நடத்திப் போனார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வேட்டி, பனியனோடு வந்தார். சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை. தச்சாசாரியைக் கூட்டி வரச் சொன்னார். ஆசாரி அதைத் தொடக்கூட இல்லை. “இது கொல்லன் சாமானுங்க” என்றார். கொல்லர் வந்து, “இது மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் சாமான்” என்றார். லாடம் அடிப்பவர் வந்தார். மோந்து பார்த்தார். “சந்தேகமே வேணாம். ஆசாரி சாமான்!” என்றார்.

“யாரப் பாத்து என்ன சொல்ற?” என்று ஆசாரி எழுந்தார். மூவரும் வராந்தாவில் கட்டிப் புரண்டார்கள். ஏட்டு விலக்கிவிடப் போய்த் தொப்பியைப் பறிகொடுத்தார்.

“எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்திய இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, இது தண்டவாளத்தைக் கழட்டுமா, கழட்டாதா? அதுதான் எனக்கு வேணும். நடங்க, பாத்துருவோம்.”

அருகில்தான் ரயில் பாதை. இன்ஸ்பெக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தில் குந்தினார். துளையை ஒரு நட்டில் மாட்டித் திருகினார். வழுக்கியது. கிளிமூக்கால் நெம்பினார். அசையவில்லை. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீங்களும் பிடிங்க வாத்தியாரே, மூச்ச அடக்கி இழுங்க!” என்றார். நானும் பிடித்தேன். ஒரு கட்டத்தில், அது கழன்றுவிட்டால் தேவலை என்று எனக்கே ஆசை வந்தது.

அப்போதுதான் பாதையைக் காவல் பார்த்துக்கொண்டு வந்த கேங்மேன்கள் எங்களைப் பார்த்தார்கள். “தண்டவாளத்தப் பேக்கிறாய்ங்கடா!” என்று கூவிக்கொண்டு கடப்பாரையோடு ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“நான் போலீசு!” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பனியன் போட்ட போலீசா?” என்றான் ஒருவன். “கையில என்ன அது?”

இன்ஸ்பெக்டர் சாமானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “தெரியாது” என்றார்.

எங்கள் இருவர் கையையும் துண்டால் சேர்த்துக் கட்டினார்கள். தொப்பியைத் தேடிக் கண்டுபிடித்த ஏட்டு வந்து சல்யூட் அடித்த பிறகுதான் அவிழ்த்தார்கள். இன்ஸ்பெக்டர் சாமானை என் பையில் போட்டார். “இத எடுத்துக்கிட்டு என் எல்லையத் தாண்டிப் போயிருங்க” என்று தானே பஸ் ஏற்றிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் காகிதப் பொட்டலம். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பிரித்தார்.

“ஒரு கிணத்துல தூர் எடுக்கயில கிடைச்சுது. யாருக்கும் தெரியல. ஒங்களுக்காவது தெரியுதா?”

பார்த்ததும் தெரிந்துவிட்டது. துருப்பிடித்த பாக்குவெட்டியில் ஒரு பாதி. ஆனால் அவர் முகம் அப்படி ஜொலித்தது. காப்பி கொண்டுவந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். “சீனி பத்தல” என்று அவசரமாக அவளை உள்ளே அனுப்பினேன்.

“இந்த மாதிரி நான் பாத்ததே இல்லீங்க” என்றேன்.

“நெனச்சேன்!” என்று தொடையில் தட்டினார் இன்ஸ்பெக்டர்.