அக்கில்டிபூயியில் ஒரு பிரதோஷம்

2006 ஜூன். கட்விக்கிலிருந்து இன்வெர்னஸுக்குப் பறக்க ஒன்றரை மணித்தியாலம். சனிக்கிழமை நெரிசலில், லண்டனில் மிச்சம் என்ற எங்கள் ஊரிலிருந்து பக்கத்து டூட்டிங்குக்குப் போய்த் திரும்ப எனக்கு அதைவிடக் கூட நேரம் எடுக்கும். மிச்சத்தில் கடை வைத்திருக்கும் நான், மனைவி சாந்தி, அவளுடைய தம்பி ரஞ்சன் மூவரும் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு மலையேறவும் கயாக் ஓட்டவும் புறப்பட்டோம். ரஞ்சன் நோர்வேயின் வடகோடியில், மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தவன். மலையும் குளிரும் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்பான்.

மறுநாள் பிரதோஷம் என்று சாந்தி விமானத்தில் நினைவூட்டினாள். பகல் முழுக்க வாயில் ஒன்றும் வைக்கமாட்டாள். சூரியன் மறைந்ததும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பாடு. நான் நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தொடங்கிய விரதம் அது. வாய்வு என்று வைத்தியர் மறுநாளே அனுப்பிவிட்டார். விரதம் மட்டும் நிற்கவில்லை. ஒருநாளாவது என்னோடு இருங்கோ என்று வருடக்கணக்காய்க் கேட்கிறாள். நானோ சாப்பாட்டுராமன். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிவிடுவேன்.

ஆனால் இம்முறை என் மூளை வேலை செய்தது. ஒரு டிசம்பரில் நண்பனின் கடைத் திறப்புக்கு இன்வெர்னஸ் வந்திருக்கிறேன். பின்னேரம் மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிட்டது. கோடையில் லண்டனில்தான் நேரம் போகும், வடக்கே எந்தக் காலத்திலும் வேளைக்கே இருட்டும் என்று கணக்குப் போட்டேன். மூன்றரை வரைக்கும் பசி கிடக்க எனக்கு ஏலாதா? “நாளைக்கு நானும் விரதம்,” என்று பெருமையாக அறிவித்தேன். சாந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. ரஞ்சன் ஒரு மாதிரியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அங்கேயே விசாரித்திருக்க வேண்டும்.

இன்வெர்னஸிலிருந்து அல்லபூல் 57 மைல். அதற்கு அப்பால் ஒரு கார் மட்டும் போகக்கூடிய தெருவில், செம்மறிகளிடம் வழி கேட்டுக் கேட்டு, 25 மைல் போனால் அக்கில்டிபூயி. முன்னால் கடல், தீவுகள். பின்னால் மொட்டை மலைகள். கடை ஒன்றே ஒன்று. போட்டியே இல்லாத அந்தக் கடைக்காரரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் எரிச்சல். வந்த களைப்பில், எடுத்திருந்த வாடகை வீட்டின் திரைச்சீலையை இழுத்துவிட்டு வேளைக்கே படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி. ஸ்டாக் பொலி என்ற மலை. உயரம் 612 மீற்றர். வழிகாட்டியாக மோராக் என்ற உள்ளூர்ப் பெண் வந்தாள். நாங்கள் நின்று நின்று ஏறிய பாதையில் அவள் ஆடு மாதிரி ஓடினாள். கற்கள் குவிந்து கிடந்த உச்சிக்குக் கீழே குந்தி, எல்லாருக்கும் சொக்லேட் நீட்டினாள். சூரியன் மறையும்வரை நாங்கள் இருவரும் சாப்பிடமாட்டோம் என்று மிடுக்காகச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, இன்றைக்கா என்று கேட்டாள். இங்கே ஜூனில் சூரியன் மறைய இரவு பத்தரை ஆகுமாம்.

மலை சுற்றியது. ரஞ்சன் என் பங்குச் சொக்லேட்டையும் மென்றுகொண்டிருந்தான்.

“டேய், உனக்கு இது தெரியுமோ?”

“ஓம் அத்தான். நோர்வேயில ரெண்டு மாசம் மறையிறதே இல்லை.”

“அப்ப விரதத்துக்கு என்ன செய்தனி?”

“சாப்பிட்டனான்.”

அடிக்கலாமென்று பார்த்தேன், மூச்சு இல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ, நான் தனிய இருக்கிறன் என்று சாந்தி மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். காலையிலிருந்து அவள் எவ்வளவு சந்தோஷமாக நடந்தாள் என்று பார்த்தவன் நான். என்ன மானக்கேடு வந்தாலும் இன்றைக்கு வாயில் ஒன்றும் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

பின்னேரம் கயாக், ஆளுக்கு முப்பது பவுண். வெறும் வயிற்றோடு துடுப்புப் போட்டதில், கரையில் படுத்திருந்த கடல்நாய்கூட எனக்கு ரொட்டிபோலத் தெரிந்தது. எட்டு மணிக்கு வானம் மூடிக்கொண்டது. முடிஞ்சுது, விளக்கை ஏற்றும் என்றேன். சூரியன் முகிலுக்குப் பின்னால்தான் நிற்கிறார், இன்னும் போகவில்லை என்றாள் சாந்தி. கொஞ்சத்தில் முகில் விலகியது. பாவி மனுசன், அங்கேயேதான் நின்றார்.

பத்து மணி. சாந்தி அவித்த இடியப்பம், தேங்காய்ப்பால் சொதிப் போத்தல், காற்றுக்கு அணையாமல் ஜாம் போத்தலுக்குள் விளக்கு எல்லாவற்றோடும் கடற்கரையில் குந்தியிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத நுளம்புகள் எங்களைத் தின்றன. அவற்றுக்கு விரதம் இல்லை. சூரியன் நேரே இறங்காமல் வடக்குப் பக்கமாக நழுவிக்கொண்டே போனது. நான் இடியப்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைச் சாந்தி கண்டுவிட்டாள். ஒரு இடியப்பத்தைப் பிய்த்து நீட்டினாள்.

“சூரியன் போகுதோ இல்லையோ, நீங்கள் போயிடுவியள். சாப்பிடுங்கோ.”

“வையும். உம்மோடதான் சாப்பிடுவன்.”

பத்தரை தாண்டிச் சூரியன் கடைசிக் கீற்றையும் இழுத்துக்கொண்டு போனது. அவள் விளக்கேற்றினாள், கும்பிட்டோம், சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் அப்படியொரு சொதி குடித்ததில்லை. ரஞ்சன்தான் பரிமாறினான்.

“பசி எனக்குப் பழகிட்டுதப்பா,” என்றாள் சாந்தி. “கும்பிட்டு எழும்பித் தனிய இருந்து சாப்பிடுறதுதான் பழகேல்லை.”

இத்தனை பிரதோஷத்திலும் நான் கடையில் நின்று, விற்க வைத்த பணிஸ் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு கிழமையில் மிச்சத்திலும் பிரதோஷம் வந்தது. லண்டனில் சூரியன் ஒன்பதேகாலுக்குப் போய்விடும். ஸ்காட்லாந்துச் சூரியனோடு பார்த்தால் நல்ல மனுசன். பகல் முழுக்க விரதமிருக்க என்னால் ஏலவில்லை, காலை பத்து மணிக்கே பணிஸில் விழுந்துவிட்டேன். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கடையை ரஞ்சனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த சாந்தி நேரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேரே உள்ளே போய்த் தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தாள்.